ஹெந்தளைக் கொடுவா

…உப்பில்லை, புளியில்லை, ஒரு கறிவேப்பிலைகூட இல்லை, இதை எப்படி ஒரு மனிதன் மீன் என்று வாயில் வைப்பது, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட ஒரு சிட்டிகை உப்புப் போடுவார்களே, ஆனால் மிதுனா காலையிலேயே சொல்லித்தான் கூட்டிவந்தாள், அப்பா, இது சாப்பாடு இல்லை, சோதனை, அங்கை வந்து உறைப்புக் காணாது புளி காணாது எண்டு என்ரை மானத்தை வாங்கக் கூடாது… யோகநாதன் இரண்டாவது தட்டில் இருந்த துண்டை மென்று, நாக்கில் புரட்டி, பக்கத்தில் இருந்த காகிதக் கோப்பைக்குள் துப்பினார். துப்பலாமாம். துப்புவதுதான் முறையாம். அதனால்தான் வந்தார், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீன் மச்சம் தொடுகிற ஆளா அவர், மகள் வேலை செய்கிற மீன் கம்பனிக்கு ருசி பார்க்க நாக்கு நல்ல ஆட்கள் தேவை என்று அவள் சொன்னபோது, வெள்ளவத்தையில் என்னை விட்டால் வேறு யார் என்று நெஞ்சை நிமிர்த்தியது உண்மைதான், ஆனால் விழுங்க மாட்டேன், விழுங்காதவரை வெள்ளி வெள்ளிதான் என்று மனைவி இரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். அவளுக்கு மீன் என்று வந்தால் பேச்சே கிடையாது, வெட்டுவாள், சமைப்பாள், பரிமாறுவாள், தான் மட்டும் சோறும் பருப்பும், கேட்டால் அது அவளுடைய விரதம், எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு, மீனின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறிவிடக் கூடாதாம், அதற்காகச் சிவப்பு, கொட்டாஞ்சேனையில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், வெளியே பார்த்தால் பழைய கிட்டங்கி, உள்ளே வந்தால் பல்லுக் கழற்றுகிற டொக்டரின் அறை மாதிரி சுத்தம். முன்னால் இருந்த சின்ன யன்னல் திறந்தது. மகளோடு வேலை செய்கிற ஷபீகா, முக்காட்டுக்கு மேல் வலைத்தொப்பி போட்ட பிள்ளை, மூன்றாவது தட்டை நீட்டினாள். "அங்கிள், தண்ணி குடிங்க, பிஸ்கட்ல ஒரு கடி கடிங்க, அதுக்குப் பிறகு இத எடுங்க. அவசரமில்ல." தட்டில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும், 906, எந்த மீனை எப்படிக் கொன்றார்கள் என்பது ருசி பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாதாம், முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். மூன்றும் கொடுவாதான், சிலாபத்துப் பக்கம் இவர்களே குளம் வெட்டி வளர்ப்பது, அதில் என்ன வித்தியாசம் கிடக்கப்போகிறது, முதல் தட்டு வாயில் வைத்ததும் ஈரப் பஞ்சாய்க் கரைந்தது, இரண்டாவது பரவாயில்லை, ஆனால் எங்கோ ஓர் இரத்தவாடை, இது… இது என்ன, பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று பிறகு விட்டுக்கொடுக்கிறது, இதழ் இதழாகப் பிரிகிறது, உடையவில்லை, நீர் விடவில்லை, உப்பில்லாமலே இனிக்கிறதே, எங்கே, எங்கே சாப்பிட்டோம் இதை… தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான், துப்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

ஹெந்தளை. ஹெந்தளையேதான். கல்யாணம் முடித்த புதிதில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்பக்கம் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்து இருந்த காலம், மிதுனா பிறக்கவில்லை, சைக்கிளின் பின்னால் வாளி கட்டிக்கொண்டு ஒருத்தன் வருவான், மாளு, மாளு, மீன், மீன் என்று ஒழுங்கை முழுக்கக் கூவுவான், வாளிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் பக்கத்துக் களப்பில் பிடித்த மீன், "பண பிட்டின், மஹத்தயா" என்பான், உயிரோடே இருக்கிறது ஐயா என்பான், அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், யோகநாதன் விலைகூடப் பேசமாட்டார். செத்த மீனை வாங்குகிறவன்தான் கண்ணைப் பார்க்க வேண்டும், செவுளைக் கிளப்பிப் பார்க்க வேண்டும், துடிக்கிற மீனை வாங்குகிறவனுக்கு என்ன கவலை, துடிக்கத் துடிக்க வாங்கி, துடிக்கத் துடிக்க வெட்டிச் சட்டியில் போட வேண்டும், துடிப்பு அடங்கினால் ருசியும் அடங்கிவிடும், இதை அவர் வேலை செய்த கந்தோரில் சொல்லியிருக்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஹெந்தளையில் ஒரு நாள் இரத்தினம்மா வைத்த கொடுவாக் குழம்பு, அதில் இருந்த சதை இதேதான், அன்றைக்கு மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அது வரவேயில்லை. எத்தனை மீன், எத்தனை சட்டி, வரவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா அண்டைக்கு மாதிரி இல்லை" என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார், விருந்துக்கு வந்தவர்கள் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார், இவவுக்கு அண்டைக்கு ஒருநாள்தான் கைப்பக்குவம் சரியா வந்தது, பிறகு கை மறந்துபோச்சு, எல்லோரும் சிரிப்பார்கள், இரத்தினம்மாவும் கொஞ்சம் சிரிப்பாள். அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான், "அது அண்டைக்கு அமைஞ்சது."

வெளியே வந்ததும் மிதுனாவை நடைபாதையில் மறித்தார். "தொள்ளாயிரத்து ஆறு. அதுதான் மீன். மற்றது ரெண்டும் ஐஸிலை கிடந்து செத்ததுகள், இது மட்டும் துடிக்கத் துடிக்க வெட்டினது. சரியோ?"

மிதுனா சிரித்தாள், அவளுக்குத் தாயின் சிரிப்பு, கொஞ்சம்தான் வரும். "கால்வாசி சரி அப்பா. முதல் தட்டு ஐஸ்தான், ஐஸ்தண்ணிக்குள்ளை உயிரோட விட்டது. ஆனா துடிச்சது அதுதான். கனநேரம் துடிச்சுத்தான் அடங்கினது. உங்கடை 906 துடிக்கவேயில்லை. தலையிலை ஒரே அடி. அதுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"அடியோ?"

"ஓம், அடி. ரெண்டாவது கரண்ட் குடுத்தது, கொஞ்சம் கூடிப்போச்சு, அதுதான் சதைக்குள்ளை இரத்தப் பொட்டு." குறைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார். "குறைச்சா மீன் அசையாமல் கிடக்கும், ஆனா உணர்வு இருக்கும். அது இன்னும் பாவம் அப்பா. மீனைப் பக்கவாட்டிலை சரிச்சுப் பார்ப்பம், உணர்வு இருந்தா கண் உருளும், இல்லாட்டி உருளாது." உள்ளங்கையை மீனாக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துக் காட்டினாள். துடிக்கத் துடிக்க மீன் தன் பலத்தையெல்லாம் தானே செலவழித்துவிடுகிறதாம், சதைக்குள் புளிப்பு ஊறுகிறதாம், கெதியில் விறைத்து, பிறகு கத்தி வைக்கும்போது பிளந்துபோகிறதாம், நிம்மதியாகச் செத்த மீன்தான் நல்ல மீன், இதைத்தான் முதலாளிமாருக்குக் காட்டப்போகிறோம், மீனுக்கு நோகுது எண்டு சொன்னா கேட்க மாட்டினம், துண்டு பழுதாகுது எண்டு சொன்னா உடனை கேட்பினம்… அவள் பேசிக்கொண்டே போனாள், யோகநாதன் தலையாட்டிக்கொண்டு நின்றார், அவருடைய ஆயுட்காலச் சித்தாந்தத்தை மகள் நின்ற நிலையில் உடைத்துப்போட்டது கோபமாக வர வேண்டும், ஏனோ வரவில்லை. மிச்சமிருந்த 906 துண்டொன்றை பாரமில்லாத வெள்ளை ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கையில் தந்தாள். "அம்மாட்டைக் குடுங்கோ. அடுத்தமுறை அம்மாவையும் கூட்டிவாங்கோவன், அவவின்ரை நாக்கு உங்களைவிடத் திறம்."

"அம்மா விரதமெல்லோ பிள்ளை."

"எந்தச் சாமிக்கு அப்பா? விரதம் எண்டு நீங்கள்தான் சொல்லுறனீங்கள். அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே."

ஓட்டோ பிடித்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறினார், யன்னல் பக்கம் இடம் கிடைத்தது, மடியில் பெட்டி, அதன் குளிர் வேட்டிக்குள்ளால் தொடைக்கு இறங்கியது. எந்தச் சாமிக்கு… நல்லூரானுக்கு, பிள்ளையாருக்கு, ஏதோ ஒரு சாமிக்கு, பெண்கள் எத்தனை விரதம் பிடிக்கிறார்கள், கேட்டுக்கொண்டா இருப்பது… கேட்கவில்லையா, முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே பாயில் படுத்து ஒரே சட்டியில் சாப்பிட்டு, இல்லை, ஒரே சட்டியில் சாப்பிடவில்லை, அதுதானே விஷயம்… ஜிந்துப்பிட்டியில் கோயில் மணி கேட்டது, வெள்ளிக்கிழமைச் சனம் றோட்டைக் கடந்துகொண்டிருந்தது, கை தானாகக் கன்னத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது, மீனை விழுங்கிவிட்டோமே. தலையில் ஒரே அடி. ஒரே அடி என்று மிதுனா சொன்ன நேரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, பஸ் குலுங்குகிற சத்தம் இல்லை, அதற்கு உள்ளே, கல்லில் கல் விழுகிற சத்தம், இடையில் ஏதோ மெத்தென்று… எங்கே கேட்டோம், ஹெந்தளையில், முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், பின்பக்கம் அந்தச் சத்தம், எழும்பிப் போனார், தண்ணிப் பைப்படியில் இரத்தினம்மா குந்தியிருந்தாள், முன்னால் விரித்த கடதாசியில் கொடுவா நேராகக் கிடந்தது, அசையவில்லை, அவள் கையில் அம்மிக் குழவி. "துடிச்சது," என்றாள், "பார்க்கேலாமல் கிடந்தது."

அதற்கு இவர் என்ன சொன்னார்… பஸ் புறக்கோட்டையில் நெரிபட்டு நின்றது, கடலைக்காரன் ஏறினான், இறங்கினான். அவளுடைய முகத்தைப் பார்த்தாரா, பார்த்திருந்தால் ஞாபகம் இருக்குமே, குழவியைத்தான் பார்த்தார். "உமக்கென்ன விசரே? சாமிக்குப் படைக்கிற வடைக்கு அரைக்கிற குழவியாலையோ மீனுக்கு அடிச்சனீர்? விடிஞ்சா வெள்ளி!" வீட்டுக்கார அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார், தமிழ் விளங்காவிட்டாலும் சத்தம் விளங்குமே. மஞ்சள் போட்டுத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தாள், இன்னொருக்கால் என்றார், இன்னொருக்கால் தேய்த்தாள், திருநீற்றுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், தெளித்தாள், இனி இந்த வேலை செய்யக் கூடாது என்றார், தலையை ஆட்டினாள். கலியாணமாகி வந்து ஒரு வருடமாகாத பெட்டை. அதெல்லாம் சரி, எந்த வீட்டில்தான் சண்டையில்லை, ஆனால் அந்தச் சண்டை ஒரு நாள், அந்தக் குழம்பு வேறொரு நாள் என்றுதான் இத்தனை காலமும் தலைக்குள் வைத்திருந்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததேயில்லை, ஏன் பார்க்கவில்லை… மூன்றாம் தரம் சோறு போட்ட கை. அகப்பை பிடித்த அந்தக் கை, விரல் இடுக்கெல்லாம் மஞ்சள், நகத்தடியில் மஞ்சள், கழுவிக் கழுவியும் போகாத மஞ்சள், அதைப் பார்த்துக்கொண்டுதான் "இன்னும் கொஞ்சம் போடும், இண்டைக்கு அமிர்தம்" என்றார். ஒரே நாள்தான். சண்டையும் குழம்பும் ஒரே நாள்.

அட கடவுளே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டார், பக்கத்தில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். தானே தடுத்துவிட்டு, தானே கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார், அண்டைக்கு மாதிரி இல்லை, அண்டைக்கு மாதிரி இல்லை என்று… அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள், குழவியைத் தொடவில்லை, பேசின் பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு மீனை அதற்குள் விட்டு அது அடங்கும்வரை காத்திருப்பாள், அதையும் இவர்தான் கண்டுபிடித்தார், ஐஸ் வைச்சா ருசி போயிடும், உயிரோட வெட்டும் என்று பேசினைக் கவிழ்த்தார், வெட்டினாள், முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டினாள், அதையும் கண்டு சிரித்தார், பார்க்காமலே வெட்டுறா பார், என்ன கெட்டிக்காரி என்று சிரித்தார். வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அதேதான், பிறகு உயிர்மீன் கிடைப்பது அருகிப் போயிற்று, சந்தையில் செத்த மீன்தான், அவருக்கு அது பெரிய குறை, அவளுக்கு அது எப்படியிருந்திருக்கும், யோசித்தாரா? அவள் மீன் சாப்பிடுவதை விட்டது எப்போது, அன்றைக்கா, அடுத்த நாளா, அல்லது முகம் திருப்பி வெட்டிய நாட்களில் ஒன்றிலா, ஞாபகமேயில்லை, ஒருநாள் பார்த்தபோது அவள் சோற்றுக் கோப்பையில் மீன் இல்லை, வயிற்றுக்குச் சரியில்லை என்றாள், பிறகு இவரே விரதம் என்று பேர் வைத்து, நாலு பேரிடம் பெருமையும் பேசி, எங்கடை ஆள் மச்சம் தொடாது என்று… வெட்கமாக இருந்தது. இந்த வயதில் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு வெட்கப்படுவது புதிதாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அதை முடிவெடுத்தார், இன்றைக்கே, வாசற்படியிலேயே, யோசிக்க விட்டால் இவர் சொல்லமாட்டார் என்பது இவருக்கே தெரியும். எப்படிச் சொல்வது? இரத்தினம், பிழை என்ரை… சீச்சீ, அந்தச் சொல் வாயில் வந்ததேயில்லை, சொன்னால் நோய் வருத்தம் ஏதும் வந்துவிட்டதோ என்று பயந்து மகளுக்குப் போன் எடுப்பாள். பகிடியாகச் சொல்லலாம், உம்மடை முறைதான் சரியாம், கம்பனிக்காரர் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கினம், நீர் ஹெந்தளையிலேயே செய்தனீர் என்று… சிரிப்பாளா? அந்தக் கொஞ்சச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, அண்டைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னால்? தெரிந்திருந்தால் இத்தனை வருடமும், இத்தனை பந்தியிலும், இவர் அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு தரமும் அவள்… தெரிந்திருக்காது. படித்துப் பட்டம் வாங்கிய மிதுனாவே சோதனை செய்துதான் கண்டுபிடித்திருக்கிறாள், இவளுக்கு எங்கே தெரியப்போகிறது. தெரிந்திருக்கக் கூடாது, பிள்ளையாரே. தெரியாமல் இருந்தால் மட்டும் நல்லதா, ஏன் அந்த ருசி பிறகு வரவில்லை என்று தன் கையையே அல்லவா குறை பிடித்திருப்பாள், ஒரு மனுசி முப்பது வருடம்… பம்பலப்பிட்டி. அடுத்தது இறங்க வேண்டும். பெட்டியின் அடியில் ஈரம் கசிந்து வேட்டி நனைந்திருந்தது.

ஒழுங்கையின் முடிவில் கடல் தெரிந்தது, ரயில் ஒன்று போனது, அவர்களுடைய தொடர்மாடியில் லிஃப்ட் வேலை செய்தது, வேலை செய்யாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும். இரத்தினம்மா கதவைத் திறந்தாள், முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசியிருந்தாள், வாசம் வந்தது. "இதென்ன வேட்டியெல்லாம் ஈரம்?" பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள், இவர் பின்னால் போனார், இரத்தினம், இரத்தினம் என்று மனதுக்குள் தொடங்கித் தொடங்கி விட்டார். மூடியைத் திறந்து பார்த்தாள். "தலை எங்கை?"

"அங்கையே எடுத்துப்போட்டாங்கள்."

அவள் விரலால் துண்டை அழுத்தினாள், குழி விழுந்தது, கையை எடுத்ததும் சதை மெல்ல எழும்பிப் பழையபடி ஆனது. மறுபடி அழுத்தினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், வழக்கத்தில் அப்படி நிற்கமாட்டாள், அல்லது நிற்பாளோ, இவர் எப்போது குசினிக்குள் நின்று பார்த்தார். "நல்ல மீன்," என்றாள்.

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளி. நாளைக்குக் காய்ச்சுறன்." பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே திரும்பினாள். "எல்லாம் துப்பினனீங்கள்தானே?"

இதைச் சொல்லலாம், இது சின்னப் பிழை, இதைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தார். "மூண்டாவதைத் துப்பேல்லை."

"ஏன்?"

ஏன் என்று அவளே கேட்டுவிட்டாள், இதைவிட நல்ல இடம் கிடைக்காது, பதில் வாயில் தயாராக இருக்கிறது, அண்டைக்கு மாதிரி இருந்தது, அவ்வளவுதான், அதைச் சொல்லிவிட்டால் போதும், குழவியும் மஞ்சளும் வெட்கமும் பின்னால் ஒவ்வொன்றாக வந்துவிடும். "அண்டைக்கு மாதிரி…" என்று தொடங்கினார்.

"ஓம், ஓம்," என்றாள் இரத்தினம்மா, கோபமில்லாமல், பெட்டியைப் பிரிட்ஜின் மேல்தட்டில் தள்ளியபடியே, "அண்டைக்கு மாதிரி இல்லை. தெரியும். போய் வேட்டியை மாத்துங்கோ."

பிரிட்ஜ் மூடிக்கொண்டது. அவள் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினாள், விரல் இடுக்குகளை, நகத்தடியை, பிறகு இன்னொருக்கால். யோகநாதன் நனைந்த வேட்டியோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், சொல்ல வேண்டியது எல்லாம் அப்படியே மிச்சம் இருந்தது, அதோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. இத்தனை வருடத்தில் அண்டைக்கு, அண்டைக்கு என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், எண்டைக்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.